ஜூலை 26 அன்று திராஸ் போக நினைக்கிறவர்களுக்கு

கார்கில் விஜய் திவஸ் அன்று, லடாக்கில் இருக்கும் திராஸ் போர் நினைவிடத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நம் ஊரிலும் நிறைய பேர் இருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் தனியாகப் போய், கிட்டத்தட்ட 26,000 ரூபாயை வீணாக விட்டு, எதற்காகப் போனேனோ அந்த நிகழ்ச்சியை வாசலுக்கு வெளியே ரோட்டில் நின்றுதான் கேட்டேன். போனதில் வருத்தம் இல்லை. ஆனால் இதெல்லாம் முன்னாடியே ஒருவர் சொல்லியிருந்தால் வேறு தேதியில், வேறு மாதிரி போயிருப்பேன்.

அப்பா பீரங்கிப் படையில் ஹவில்தாராக ரிட்டையர் ஆனவர். 1999ல் திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கியில் வேலை பார்த்தவர். அவரோடு ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்த நண்பர் ஒருவர், ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர், அங்கே குண்டுச் சிதறல் பட்டு இறந்துபோனார். அப்பாவுக்கு இப்போது முழங்கால் தேய்மானம், கூடவே பிரஷர். அந்த உயரத்துக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீ போய்ப் பாத்துட்டு வாம்மா. அவன் பேரு அங்க இருக்கா, சரியா எழுதியிருக்கானுங்களான்னு பாரு" என்றார். அவ்வளவுதான் எனக்கு வேலை. போவது போகிறோம், அந்த நாளிலேயே போவோம் என்று முடிவு செய்தேன்.

அந்த நாள் எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்கில் பக்கத்தில், குளிர்காலத்தில் அப்போது காலியாக விடப்பட்ட மலை உச்சிகளில் பாகிஸ்தான் படையினர் வந்து உட்கார்ந்துகொண்டது 1999 மே மாதம் தெரியவந்தது. அந்த உச்சிகளுக்கு நேர் கீழேதான் ஸ்ரீநகர் - லே நெடுஞ்சாலை போகிறது. லடாக்குக்கும் சியாச்சினுக்கும் சாமான் போகிற முக்கியமான வழி அது. மேலே இருக்கிறவன் கீழே போகும் லாரியைக் குறிவைத்து அடிக்கலாம். ஜூன் 13ல் தோலோலிங், ஜூலை 4ல் டைகர் ஹில் என்று ஒவ்வொரு உச்சியாக மீட்டு, ஜூலை 26ல் ஆபரேஷன் விஜய் என்ற அந்த மீட்பு நடவடிக்கை முடிந்ததாக அறிவித்தார்கள். அரசுக் கணக்கில் 527 பேர் இறந்தார்கள், 1,363 பேர் காயமடைந்தார்கள். இதையெல்லாம் விட அப்பா அடிக்கடி சொல்வது வேறொன்று. அதற்கு முந்தைய போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் போர்முனையிலேயே எரித்துவிடுவார்கள், வீட்டுக்கு ஒரு தந்தியும் பெட்டியும்தான் வரும். கார்கிலில்தான் பெருமளவில் உடலையே ஊருக்கு அனுப்பினார்கள். திருச்சிக்கு மேஜர் சரவணன் வந்தது அப்படித்தான். பீகார் ரெஜிமெண்டைச் சேர்ந்த அவர் மே 29ஆம் தேதி கார்கில் பக்கத்துப் படாலிக் பகுதியில் சண்டையில் இறந்தார். உடலை மீட்டுக் கொண்டுவரவே ஜூலை ஆகிவிட்டது. அந்தப் போர் நம் தெருக்கள் வரைக்கும் வந்ததற்கு டிவியைப் போலவே இந்தச் சவப்பெட்டிகளும் காரணம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஏப்ரலிலேயே திட்டம் போட்டேன். ஸ்ரீநகரில் ஒரு டிராவல் ஏஜெண்ட் போனில் பிடிபட்டார். திராஸில் 2 இரவு ரூம், கூடவே 26ஆம் தேதி நிகழ்ச்சிக்கு "விஐபி பாஸ்", மொத்தம் 12,000 ரூபாய் முன்பணம் என்றார். மரியாதையாகப் பேசினார், ஹோட்டல் படமெல்லாம் அனுப்பினார். ஜூலை 20க்கு மேல் அவர் போன் எடுக்கவில்லை. அந்தப் பணம் போனது போனதுதான். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், அந்த நிகழ்ச்சிக்குப் பாஸ் என்று ஒன்று விலைக்குக் கிடையவே கிடையாது. உள்ளே உட்காருகிறவர்கள் இறந்தவர்களின் குடும்பத்தார், அந்தப் போரில் பங்கெடுத்த யூனிட்காரர்கள், விருது வாங்கியவர்கள், அழைக்கப்பட்ட அதிகாரிகள். அழைப்பு ராணுவத்தின் வழியாகத்தான் வரும். உங்கள் வீட்டில் யாராவது அந்தப் போரில் இறந்திருந்தால் அவருடைய யூனிட்டுக்கோ ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசுக்கோ சில மாதங்கள் முன்பே எழுதுங்கள். எப்படி எழுதுவது, யாருக்கு எழுதுவது என்று குழப்பமாக இருந்தால் மாவட்டத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பாஸ் வாங்கித் தருகிறேன் என்று சொல்கிற ஆளிடம் பேச்சையே வளர்க்காதீர்கள்.

ஸ்ரீநகரில் இறங்கியதும் போன் செத்துவிட்டது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான் எடுக்கும். ராணுவக்காரர் வீட்டுப் பிள்ளையாக எனக்கு இது தெரியும். அதனால் ஒரு மாதம் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றச் சொல்லி கடையில் பணம் கட்டியிருந்தேன். ஆனால் அந்தக் கடைக்காரர் மாற்றவே இல்லை. ஏர்போர்ட்டில் நின்றபோதுதான் அது தெரிந்தது. டாக்ஸி டிரைவர் நம்பர், அப்பாவின் நண்பருடைய விவரம் எல்லாம் வாட்ஸப்பில் கிடக்கிறது, திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் வந்த பயத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஒரு டீக்கடைக்காரர் தன் போனைக் கொடுத்துத்தான் வீட்டுக்குப் பேசினேன். முக்கியமான நம்பர்களை ஒரு தாளில் பேனாவால் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்பெய்டுக்கு மாறியதா என்பதை ஊரிலேயே, பில் வந்த பிறகு உறுதி செய்துகொள்ளுங்கள். கையில் ரொக்கமும் வேண்டும். திராஸ் போகும் வழியில் இருக்கும் சோனாமார்க்கைத் தாண்டினால் யூபிஐயை நம்பி நிற்க முடியாது.

அடுத்தது ரோடு. ஸ்ரீநகரிலிருந்து திராஸ் 140 கிலோமீட்டர்தான். மேப்பில் பார்த்தால் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் போலத் தெரியும். ஆனால் ஜூலை கடைசி என்பது அமர்நாத் யாத்திரை நடக்கிற காலம். பல்தால் முகாம் இதே சாலையில் சோனாமார்க்கைத் தாண்டித்தான் இருக்கிறது. யாத்ரீகர்களின் கான்வாய் போகும்போது மற்ற வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதைத் தாண்டினால் சோஜிலா கணவாய், 11,500 அடிக்கு மேல். அங்கே மழை பெய்தால் மண் சரியும், சரியாவிட்டாலும் ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டிகளை மட்டும் விடுவார்கள். நான் ஷேர் டாக்ஸியில் சீட்டுக்கு 1,200 ரூபாய் கொடுத்து 25ஆம் தேதி விடியற்காலையில் கிளம்பினேன். அன்று சாயங்காலம் நினைவிடத்தில் இறந்தவர்களுக்காக விளக்கேற்றுவார்கள், அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு.

சோஜிலாவில் மண் சரிந்து, மதியத்திலிருந்து இருட்டும் வரை ஒரே இடத்தில் நின்றோம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பார்த்தாலே தலை சுற்றுகிற பள்ளம். வண்டியில் நான் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் கார்கிலுக்கு வேலைக்குப் போகிறவர்கள், தொந்தரவு ஒன்றும் இல்லை. ஆனால் பாத்ரூம் கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். அந்த உயரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று சாயங்காலம் தெரிந்துவிட்டது. பின்மண்டையிலிருந்து தலைவலி ஏறி, வாந்தியும் வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஜன்னல் சீட்டைக் கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். பெண்கள் தனியாகப் போவதானால் ஷேர் டாக்ஸியை விட, கூடுதலாகச் செலவானாலும் இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துத் தனி வண்டி எடுத்துவிடுங்கள். வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லலாம். சோனாமார்க்கில் ஒரு இரவு தங்கி, உடம்பு பழகிய பிறகு கணவாயை ஏறுவது இன்னும் நல்லது. பிரஷர், இதயக் கோளாறு இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே வேண்டாம்.

திராஸ் வந்து சேர்ந்தபோது விளக்கேற்றல் முடிந்து எல்லோரும் கலைந்திருந்தார்கள். ஏஜெண்ட் சொன்ன ஹோட்டலில் என் பெயரில் எந்த புக்கிங்கும் இல்லை. இருந்த நாலைந்து லாட்ஜிலும் இடமில்லை, பத்திரிகைக்காரர்களும் பைக்கில் வந்த பையன்களும் நிரம்பியிருந்தார்கள். அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. டாக்ஸிக்காரர் ஒரு வீட்டைக் காட்டினார். அந்த வீட்டு அம்மா இரவுக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ரஜாய் என்கிற கனமான பஞ்சுப் போர்வையும் உப்பு டீயும் கொடுத்தார். இந்தி அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. சண்டை நடந்த அந்தக் கோடையில் திராஸ் கடைத்தெரு முழுக்க குண்டு விழுந்ததையும், மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடியதையும் கையாலேயே சொல்லிக் காட்டினார். நினைவு நாள் பேச்சுகளில் இந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் வருவதில்லை என்பது எனக்கு உறுத்தல்தான்.

நினைவிடம் ஊரிலிருந்து கார்கில் போகும் வழியில் ஐந்தாறு கிலோமீட்டர். 26ஆம் தேதி காலை அங்கே போனபோது பாஸ் இல்லாதவர்களை ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பஸ் பஸ்ஸாகக் குடும்பத்தார் உள்ளே போவதைப் பார்த்ததும் அந்தக் கோபம் கொஞ்சம் அடங்கிவிட்டது. உள்ளே நடப்பது ஒலிபெருக்கி வழியே கேட்டது. அப்பா வீட்டில் சொல்லியிருந்ததால் ஒவ்வொன்றும் என்ன என்று புரிந்தது. உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். மலர் வளையம் வைத்த பிறகு ஒரு ஆணை வரும். வீரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாக்கி, குழல் முனையைப் பூட்ஸ் மேல் ஊன்றி, கைகளைக் கட்டையின் மேல் வைத்துத் தலை குனிவார்கள். அதுதான் ஷோக் சஸ்திரம். பிறகு பியூகிள் என்கிற ஊதுகுழலில் லாஸ்ட் போஸ்ட் ஊதுவார்கள். அது பழைய பிரிட்டிஷ் ராணுவத்தில், ராத்திரி கடைசிக் காவல் இடத்தையும் பார்த்து முடித்தாகிவிட்டது, நாள் முடிந்தது என்று சொல்ல ஊதியது. அதை இறந்தவர்களுக்கு ஊதும்போது உன் டூட்டி முடிந்தது, நீ தூங்கு என்று அர்த்தம் என்பார் அப்பா. அப்புறம் மௌனம். அப்புறம் ரௌஸ் என்கிற இன்னொரு ஊதல், அது காலையில் எழுப்புவதற்கானது. துப்பாக்கிகள் மறுபடி நிமிரும். இந்த வரிசை தெரியாதவர்கள் லாஸ்ட் போஸ்ட் முடிந்ததும் கை தட்டிவிடுகிறார்கள், என் பக்கத்திலேயே சிலர் தட்டினார்கள். கை தட்டக் கூடாது. ரௌஸ் முடிகிற வரை அசையாமல் நிற்க வேண்டும், தொப்பி போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும். பைக் பையன்கள் மௌனம் வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்கள். அவர்களைப் பற்றி நான் முதல் நாள் ராத்திரி நினைத்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மதியத்துக்கு மேல் பொதுமக்களை விட்டார்கள். அடையாள அட்டையின் ஒரிஜினல் கேட்பார்கள், வைத்திருங்கள். நீளமான நடைபாதையின் முடிவில் கொடிக்கம்பம், பெயர்கள் பொறித்த சிவப்புக் கல் சுவர், பின்னால் தோலோலிங். தினமும் வருகிறவர்களைக் கூட்டி நிறுத்தி, அதோ அதுதான் டைகர் ஹில் என்று உச்சிகளைக் காட்டி ஒரு ஜவான் கதை சொல்வார், அதைத் தவறவிடாதீர்கள். அப்பா சொல்லச் சொன்ன ஒன்று: அங்கே தெரியும் பாயிண்ட் 5140 என்ற சிகரத்துக்கு 2022ல் பீரங்கிப் படையின் நினைவாக கன் ஹில் என்று பெயர் வைத்தார்கள். கீழேயிருந்து குண்டு போட்டவர்களை இத்தனை நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று அவருக்கு ஒரு மனக்குறை உண்டு.

அப்பாவின் நண்பர் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு தனிப் பிரச்சினை. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, சர்டிபிகேட்டில் இனிஷியலோடு ஒன்று, ராணுவத்தில் அப்பா பெயரையும் சேர்த்து விரித்து எழுதியது இன்னொன்று. ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறிவிடும். சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து டூட்டியில் இருந்த ஒரு பையன் பக்கத்தில் வந்தான். "அக்கா, தமிழா?" தென்காசிக்காரன். "பேரை விடுங்க, நம்பர் தெரியுமா? யூனிட் என்ன?" என்றான். அப்பாவும் அவரும் ஒரே நாளில் வரிசையில் நின்று சேர்ந்தவர்கள், அவர் நம்பர் அப்பாவுடையதற்கு அடுத்தது. அதைச் சொன்னதும் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து நேராகக் கொண்டுபோய் நிறுத்தினான். பெயரில் ஒரு எழுத்து நாம் எழுதுகிற மாதிரி இல்லை, ஆனால் அவர்தான். எந்த ராணுவ நினைவிடத்தில் பெயர் தேடினாலும் சர்வீஸ் நம்பர், ரேங்க், யூனிட், இறந்த தேதி நான்கையும் கொண்டுபோங்கள்.

அங்கே நின்றுகொண்டிருந்தபோது பார்த்ததுதான் என் மனதில் அந்த நாளுக்கான அர்த்தமாகத் தங்கிவிட்டது. வெளியே அது வெற்றி விழா. கொடிகள், கோஷம், டிவி கேமராக்கள். உள்ளே, இறந்தவர்களின் பெயரில் நட்டிருக்கும் கற்களுக்கு நடுவில் இருந்தவர்களுக்கு அது திவசம். ஒரு குடும்பம் கல்லைத் தண்ணீர் விட்டுத் துடைத்தது. இன்னொருவர் லட்டு டப்பாவைத் திறந்து கல்லின் மேல் ஒன்று வைத்துவிட்டு, மீதியைக் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார், எனக்கும் ஒன்று. சிலர் செல்ஃபி எடுப்பதைப் பார்த்து எரிச்சலாக இருந்தது. அந்த நேரத்தில் வடநாட்டுக் கிழவி ஒருவர் தன் போனை என் கையில் திணித்து, மகனுடைய கல்லோடு தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். முதல் படம் பிடிக்கவில்லை என்று முக்காட்டைச் சரி செய்துகொண்டு இன்னொன்று எடுக்கச் சொன்னார். படம் எடுக்கவே கூடாது என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை. குடும்பத்தார் நிற்கும்போது தள்ளி நில்லுங்கள், அவர்களைக் கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள், அவ்வளவுதான். மைக்கை நீட்டி "இப்போது என்ன உணர்கிறீர்கள்" என்று கேட்கிறவர்களைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

திரும்பும்போது கணவாய் மறுபடி மூடிவிட்டது. விமானம் போய்விட்டது, 9,400 ரூபாய் டிக்கெட் அதோடு சரி. ஸ்ரீநகரில் கூடுதலாகத் தங்கியது, திரும்ப வண்டி பிடித்தது என்று இன்னொரு ஐயாயிரம். சோஜிலா வழியாகப் போய்வரும் எந்தப் பயணத்திலும் கடைசியில் இரண்டு நாள் சும்மா விட்டுவைத்து, தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.

உண்மையைச் சொன்னால், குடும்ப உறுப்பினராகவோ யூனிட்காரராகவோ இல்லாதவர்கள் 26ஆம் தேதி திராஸில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. செப்டம்பரில் போங்கள். ரோடு காய்ந்திருக்கும், யாத்திரை முடிந்திருக்கும், ரூம் கிடைக்கும், சுவருக்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஜூலை 26ஐ இங்கேயே அனுசரிக்கலாம். சென்னை மெரினாவின் வடக்கு முனையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தில் அன்று ராணுவ அதிகாரிகள் மலர் வளையம் வைப்பார்கள். முதல் உலகப் போருக்காகக் கட்டியது அது, தினமும் பஸ்ஸில் கடந்து போகிறோம். திருச்சி கன்டோன்மென்டில் மேஜர் சரவணனின் நினைவிடத்திலும் அன்று அஞ்சலி செலுத்துவார்கள். டிசம்பர் 7 கொடி நாள் 1949லிருந்து நடக்கிறது. பள்ளியில் சட்டையில் குத்திவிடுவார்களே அந்தச் சின்னக் கொடி, அந்தப் பணம் முன்னாள் படைவீரர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும்தான் போகிறது. அலுவலகத்தில் உண்டியல் வந்தால் பத்து ரூபாய் நோட்டைத் தேடாதீர்கள்.

வயதான ராணுவக்காரர்களைக் கூட்டிப் போக நான் சொல்வது டெல்லியைத்தான். இந்தியா கேட் பக்கத்தில் 2019 பிப்ரவரி 25ல் திறந்த தேசியப் போர் நினைவிடம். சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த 25,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கிரானைட் கற்களில் இருக்கின்றன, கார்கிலில் இறந்தவர்களும் அதில் அடக்கம். நுழைவுக் கட்டணம் இல்லை, மலை ஏற வேண்டியதில்லை, மூச்சு முட்டாது. சாயங்காலம் அங்கே இறந்தவர் ஒருவரின் குடும்பத்தாரை அழைத்து மலர் வளையம் வைக்கச் செய்வார்கள், நாமும் நின்று பார்க்கலாம். அப்பாவை பிப்ரவரியில் கூட்டிப் போகிறேன். மே, ஜூனில் அந்தக் கல் தரையில் வெயில் தாங்காது, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. முழங்கால் வலிக்காரர்களாக இருந்தால் லோயர் பர்த்தை முன்பதிவு திறக்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள்.